விற்கவா, வைத்துக்கொள்ளவா?

சிங்கப்பூரில் ஒரு காரின் ஆயுள் அதன் எஞ்சினைவிட ஒரு சான்றிதழையே அதிகம் சார்ந்திருக்கிறது. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் ஒரு காருக்குக் கிடைப்பது பத்து ஆண்டு. அது முடியும்போது மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். மனமில்லையென்றால் பதிவை ரத்துசெய்து, காரை உடைக்கவோ வெளிநாட்டுக்கு ஏற்றவோ அனுப்பிவிட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் சான்றிதழின் விலை மட்டுமே 150,001 வெள்ளியைத் தொட்டது. இப்படிப்பட்ட ஊரில் பெரும்பாலான கார்களுக்கு முதுமை என்ற பருவமே வருவதில்லை. நிறம் மங்குவதற்குள் கப்பல் ஏறிவிடுகின்றன.

அதனால்தான் டேஷ்போர்டு வெடிப்பு என்றால் இங்கே பலருக்கு என்னவென்றே தெரியாது. பழைய கார் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். எஞ்சினுக்கு மெக்கானிக் உண்டு. பெயின்ட் உரிந்தால் அடிக்க ஆள் உண்டு. ஸ்டியரிங்குக்கு முன்னால், தினமும் கண்ணில் படும் இடத்தில், ஆற்றுப்படுகை வெயிலில் பிளந்ததுபோல் ஒரு கோடு விழுந்துவிட்டால் யாரிடம் போவது?

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்கு இந்த ஆண்டு வந்தது. பெரியப்பாவிடம் 1984ல் பதிவான ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 200 இருக்கிறது. கார் பிரியர்கள் டபிள்யூ123 என்று அழைக்கும் ரகம். 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் சுமார் 27 லட்சம் கார்கள் இந்த ரகத்தில் வெளிவந்தன. எஞ்சின் லேசில் சாகாது என்று பெயர் வாங்கிய கார். டேஷ்போர்டு மட்டும் வெடிக்கும் என்றும் பெயர் வாங்கிய கார்.

பெரியப்பாவின் காரில் மூன்று வெடிப்புகள். முன்கண்ணாடியை ஒட்டிய ஒலிபெருக்கிச் சல்லடையின் மூலையில் தொடங்கி ஒன்று காற்றுத் துவாரம் வரை ஓடியிருந்தது. இரண்டாவது, மீட்டர்களுக்கு மேலே கூரைபோல் இருக்கும் பகுதியில். மூன்றாவது, நடுவில் ஒட்டிவைத்திருந்த பிள்ளையாரைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து போயிருந்தது. “சாமியைத் தாண்டலை பாத்தியா” என்பார் பெரியம்மா.

குதிரை வண்டியில் பிறந்த பெயர்

டேஷ்போர்டு என்ற பெயர் காருக்கு முந்தியது. குதிரை வண்டியில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு பலகையோ தோல் தடுப்போ இருக்கும். குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்குள் தெறிக்காமல் தடுப்பது அதன் வேலை. சேற்றை வாங்கிக்கொள்ளும் பலகை என்பதால் அந்தப் பெயர். குதிரை போய் எஞ்சின் வந்தது. பலகை மட்டும் அதே இடத்தில் தங்கி, பிறகு மீட்டர்களையும் பொத்தான்களையும் சுமக்கத் தொடங்கியது.

சிங்கப்பூருக்கு முதல் கார் வந்தது 1896ல். சார்லஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞர் வைத்திருந்த பென்ஸ் அது. அது போட்ட சத்தத்தைக் கேட்டு ‘காபி மெஷின்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துச் சிராங்கூன் சாலைப் பகுதி மாடுகளின் ராஜ்யம். இன்றைய பஃபலோ சாலை, அதற்கு அடுத்துள்ள கெர்பாவ் சாலை இரண்டுமே எருமையின் பெயரைத்தான் சுமக்கின்றன, ஒன்று ஆங்கிலத்தில், மற்றொன்று மலாயில். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அங்கிருந்து வந்தவையே.

ஆரம்பகாலக் கார்களின் டேஷ்போர்டு மரத்தாலோ இரும்புத் தகட்டாலோ ஆனது. 1971 வரை தயாரான மோரிஸ் மைனரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், உள்ளேயும் பெயின்ட் அடித்த தகடுதான். தகடு துருப்பிடிக்கும், மரத்தின் மேல்பூச்சு உரியும். இன்று நாம் பார்க்கும் வெடிப்பு அவற்றில் வராது.

மென்மைக்குக் கொடுத்த விலை

அந்தக் கெட்டித் தகடு ஆளையும் கொன்றது. மோதலின்போது முன்னிருக்கையில் இருப்பவரின் தலையும் முழங்காலும் போய் இடிப்பது அதில்தான். சுவீடனின் வால்வோ 1956ல் கொண்டுவந்த அமேசான் காரில் டேஷ்போர்டின் மேல்பகுதிக்கு மெத்தை வைத்தது. 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் அமெரிக்கக் கார் நிறுவனங்களை உலுக்கியது. 1968 ஜனவரி 1 முதல், காரின் உட்புறத்தில் மோதும்போது பயணியைக் காக்கும் விதி அங்கே கட்டாயமானது. உலகமெங்கும் டேஷ்போர்டு மெத்தையானது அந்த வழியில்தான்.

மெத்தை என்றால் மூன்று அடுக்கு. அடியில் உலோகமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ கொண்ட ஒரு சட்டம். அதன்மேல் பாலியூரித்தேன் நுரை. அதற்கும் மேலே, தோலைப்போல வரிவரியாக அச்சிட்ட வினைல் உறை. வினைல் என்பது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பொருளோ அதே பொருள். இயல்பில் விறைப்பானது. மெழுகுபோல் வளைவதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். புதிய காரில் ஏறியதும் வரும் வாசனையில் இவற்றுக்கும் பங்குண்டு.

இந்த எண்ணெய் உறைக்குள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம், துடைத்தாலும் மறுபடி படியும் எண்ணெய்ப்படலத்தைக் கவனித்திருப்பீர்கள். டேஷ்போர்டிலிருந்து தப்பித்தது அங்கே போய் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் குறைந்த வினைல் மறுபடி குழாயின் குணத்துக்குத் திரும்புகிறது, விறைக்கிறது, சுருங்குகிறது. அடியில் இருக்கும் நுரையும் காலப்போக்கில் பொடிந்து பலமிழக்கிறது. சட்டமோ சுருங்குவதில்லை. இழுபடும் உறை எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் ஒலிபெருக்கி, காற்றுத் துவாரம், திருகாணி என்று ஏதாவது ஓர் ஓட்டையின் மூலையில் தொடங்குகிறது. காகிதத்தில் ஒரு நறுக்கு விட்டு இழுத்தால் அங்கிருந்தே கிழிவதுபோல.

உயிரைக் காக்க வைத்த மென்மைதான் காரில் முதலில் மூப்படைகிறது. ஆனாலும் தகடுதான் நல்லது என்று யாரும் திரும்பிப் போகமாட்டோம்.

நிழலுக்கும் வெயிலுக்கும் 21 டிகிரி

வெயிலில் நிற்கும் காரில் அதிகம் காய்வது எது? 2018ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் ஸ்டியரிங் சராசரியாக 53 டிகிரி செல்சியசும் இருக்கை 51 டிகிரியும் எட்டின. டேஷ்போர்டோ 69 டிகிரி. நிழலில் நிறுத்தியவற்றில் அது 48 டிகிரிதான்.

நம் ஊரில் அரிசோனா அளவுக்கு அனல் இல்லை. ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே வெயில் காயாத பருவம் என்று ஒன்று கிடையாது. குளிர்நாட்டுக் காரின் டேஷ்போர்டுக்கு ஆண்டில் பாதி ஓய்வு. இங்கே பன்னிரண்டு மாதமும் வேலை.

பெரியப்பாவின் கார் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘கிளாசிக்’ வாகனத் திட்டத்தில் இருக்கிறது. பதிவாகி 35 ஆண்டு கடந்த கார்களுக்கானது அது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாள் கார் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். பல ஆண்டுகளாக அது நின்றது, வீட்டுக்குப் பக்கத்துப் பல மாடிக் கார்ப்பேட்டையின் திறந்த மேல்தளத்தில். மேல்தளத்தில் இடம் எப்போதும் காலி, அருகில் யாரும் கதவைத் திறந்து கீறமாட்டார்கள் என்பது பெரியப்பாவின் கணக்கு. பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லைதான்.

பசார் மலாயில் ஒரு கேள்வி

முதுமையில் இங்கே ஓட்டுநர் உரிமத்தைத் தொடர மருத்துவச் சோதனையில் தேறவேண்டும். பெரியப்பா இதுவரை தேறிக்கொண்டேயிருந்தார். இந்த முறை கண் ஒத்துழைக்கவில்லை. வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவர் மகன், எனக்கு அண்ணன், இணையத்தில் விலை விசாரித்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியும். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “டேஷ்போர்டை மட்டும் சரிபண்ணணும். ஆள் யாரும் தெரியுமா?”

ஏன் என்னைக் கேட்டார் என்றால், வானொலியில் வேலை பார்ப்பவருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. யோசித்தால் எனக்கும் டேஷ்போர்டுக்கும் உறவு உண்டு. காலை நிகழ்ச்சியில் நான் பேசுவது பெரும்பாலும் டேஷ்போர்டுகளுக்குள் இருந்துதான் கேட்கிறது.

நான்கு பேரிடம் விசாரித்து, சின் மிங் பகுதியில் ஒரு குஷன் கடையைக் கண்டுபிடித்தோம். கார் இருக்கைக்குத் தோல் தைப்பது, கூரைத்துணி மாற்றுவது அவர்களின் வேலை. கடைக்காரர் எழுபதை நெருங்கும் சீனர். பெரியப்பாவுக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அந்தக் காலத்துப் பசார் மலாயில் பேசிக்கொண்டார்கள். டேஷ்போர்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு “ரெத்தாக்” என்றார், வெடிப்பு. வெடிப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார்: “ஜுவால் கா, சிம்பான் கா?”

விற்கவா, வைத்துக்கொள்ளவா?

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. எந்த வழியில் சரிசெய்வது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

வழிகள் என்னென்ன?

முதலாவது, மூடி போடுவது. டேஷ்போர்டின் வடிவத்திலேயே வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் ஓடு கிடைக்கும். அதைச் சிலிக்கான் பசை வைத்து மேலே ஒட்டிவிடலாம். அரைநாள் வேலை, செலவும் குறைவு. பார்ப்பவருக்குப் புதிதுபோல் இருக்கும். ஆனால் வெடிப்பு அடியில் அப்படியே இருக்கும். பின்னாளில் ஓட்டைப் பிடுங்கினால் பழைய உறையும் சேர்ந்து வந்துவிடும். திரும்பும் வழி கிடையாது.

இரண்டாவது, தோலோ வினைலோ கொண்டு முழுவதும் போர்த்துவது. குஷன் கடைகளுக்குப் பழக்கமான வேலை. தையல் போட்டுச் செய்தால் மிடுக்காக இருக்கும். மூலத்தில் இல்லாத தையல்கோடு அதில் வந்துவிடும். உள்வளைவான இடங்களில் வெயில் சூட்டில் பசை இளகித் தோல் தூக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. சூடு தாங்கும் பசையும் பழகிய கையும் வேண்டும்.

மூன்றாவது, பழைய உறையையும் நுரையையும் முழுவதுமாக உரித்து, புது நுரை வார்த்து, சூடாக்கிய புது வினைலைக் காற்றை உறிஞ்சி அதன்மேல் படியவைப்பது. தொழிற்சாலையில் நடந்ததையே மறுபடி செய்வது. அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அனுப்பும் செலவு, வரும் செலவு, காத்திருக்கும் மாதங்கள் என்று கணக்கு ஏறும். வழியில் உடைந்தால் கதை முடிந்தது.

நான்காவது, இருக்கும் உறையை வைத்துக்கொண்டே வெடிப்பை மட்டும் கையால் நிரப்புவது. மெதுவான வேலை, கூர்ந்து பார்த்தால் கோடு தெரியலாம். சில ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் வெடிக்கலாம். ஆனால் காரில் இருப்பது அதே டேஷ்போர்டு. அடுத்தமுறையும் யாராவது சரிசெய்ய முடியும்.

விற்பதென்றால் முதல் இரண்டு வழிகள் போதும் என்றார் கடைக்காரர். வாங்க வருபவர் பத்து நிமிடம்தான் பார்ப்பார். வைத்துக்கொள்வதென்றால் நான்காவது.

அண்ணன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா “சிம்பான்” என்றார்.

வேறு டேஷ்போர்டு கிடைக்காதா?

பழையதை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று மாட்டினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. சென்னை என்றால் புதுப்பேட்டைக்குப் போய் நாளெல்லாம் தேடலாம். நம் ஊரில் பதிவு ரத்தான கார் உடைபடும், அல்லது வெளியூர் போய்விடும். பழசு தேங்கி நிற்க இடமில்லை. ஒருகாலத்தில் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தது. பழைய மீட்டர், கடிகாரம், வானொலிப்பெட்டி என்று எதையாவது தோண்டி எடுக்க முடிந்த இடம். அதுவும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால் ‘ஹாஃப்-கட்’ கடைகள் உண்டு, காரைப் பாதியாக வெட்டிப் பாகம் பாகமாக விற்பவை. ஆனால் டேஷ்போர்டு விஷயத்தில் அங்கேயும் ஒரு சிக்கல். அதே வயதுள்ள இன்னொரு காரின் டேஷ்போர்டும் அதே அளவு எண்ணெய் இழந்ததுதான். இன்று முழுதாக இருப்பது நாளை கழற்றும்போதே பிளக்கலாம். பெட்டி பிரிக்காத புதுப்பாகமும் வயதுக்குத் தப்பியதில்லை. வெயில் படாததால் மெதுவாக மூப்படைந்திருக்கும், அவ்வளவுதான்.

வேலை நடந்த விதம்

கார் இரண்டு வாரம் அங்கே நின்றது. நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

முதல்நாள் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்டியரிங், மீட்டர்கள், வானொலி, காற்றுத் துவாரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு கம்பியிலும் ஒட்டுநாடா சுற்றி எண் எழுதினார். திருகாணிகள் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில். பழைய போர்ஷே 911 போன்ற கார்களில் முன்கண்ணாடியையே கழற்றினால்தான் வேலை சுலபம், இதில் அந்தத் தொல்லை இல்லை என்றார்.

பிள்ளையாரிடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். கடை மூலையில் அவருடைய சாமிக்கு ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. “உங்க சாமி, நீங்களே எடுங்க” என்று பெரியப்பாவிடம் முடி உலர்த்தும் கருவியையும் ஒரு தூண்டில் நரம்பையும் கொடுத்தார். சூடு காட்டி, பசை இளகியதும் நரம்பை அடியில் விட்டு அறுப்பதுபோல் இழுக்கவேண்டும். பெரியப்பாவின் கை நடுங்கியது. பத்து நிமிடம் ஆனது. சிராங்கூன் சாலையில் பெரியம்மா வாங்கிய அந்தப் பிள்ளையார் முழுதாகக் கைக்கு வந்தார்.

அவர் இருந்த இடத்தில், பெரிய நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் கருநீலமாக இருந்தது. சுற்றிலும் இருந்த டேஷ்போர்டைச் சாம்பல் பூத்த நிறம் என்றுதான் சொல்லவேண்டும். கார் அப்படித்தான் பிறந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. வெயில் படாத அந்த வட்டம்தான் காரின் உண்மையான நிறம். அதைப் பார்த்தே சாயத்தைக் கலந்தார்.

அடுத்தது, துடைப்பது. டேஷ்போர்டு பளபளக்கவேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போட்ட மெருகுத் திரவங்களில் பலவற்றில் சிலிக்கான் இருக்கும். அது ஒட்டியிருக்கும்வரை பசையும் பிடிக்காது, சாயமும் பிடிக்காது, மீன்கண்போல் திட்டுத்திட்டாக விலகி நிற்கும். ஆல்கஹால் கொண்டு மூன்று முறை துடைத்து எடுத்தார்.

பிறகு கத்தி. வெடிப்பின் இரு ஓரமும் காய்ந்த இலைபோல் மேலே சுருண்டிருக்கும். அதை அமுக்கி ஒட்டினால் நிற்காது. சுருண்ட பகுதியை வெட்டி எடுத்து, பள்ளத்தை ‘வி’ வடிவில் அகலமாக்கினார். வெடிப்பு முடியும் நுனியில் சின்னதாக ஒரு துளை. கூரிய நுனியில் குவியும் இழுவை வட்டத் துளையில் பரவிவிடும், வெடிப்பு மேலும் ஓடாது. உள்ளே இருந்த நுரை விரல் பட்டதும் மஞ்சள் பொடியாகக் கொட்டியது. பொடிந்ததைச் சுரண்டிவிட்டுப் புது நுரையால் நிரப்பி ஓர் இரவு விட்டார்.

அதன்மேல் பட்டி பார்ப்பது. கார் உடம்பு நெளிந்தால் போடும் சாதாரணப் பட்டி இங்கே உதவாது என்பதை அழுத்திச் சொன்னார். அது கல்லாக இறுகும், டேஷ்போர்டோ பகலில் விரிந்து இரவில் சுருங்கும். ஒரே மாதத்தில் பட்டியின் இரண்டு பக்கமும் புதிய வெடிப்பு வந்துவிடும். வளைந்துகொடுக்கும் ரகப் பட்டியை மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி போட்டார். கண்ணால் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியே மேடுபள்ளம் கண்டுபிடித்தார்.

கடைசியில், தோல் வரி. நிரப்பிய இடம் வழவழவென்று இருந்தால் தழும்புபோல் தெரியும். வெடிக்காத ஒரு மூலையில் சிலிக்கான் ரப்பரை ஊற்றி, அங்குள்ள வரிகளை அச்செடுத்தார். நிரப்பிய இடத்தில் மேல்பூச்சு காய்வதற்குள் அந்த அச்சை வைத்து அழுத்தினார். அதற்கும் மேலே, வினைலுக்கான சாயத்தைப் பனிபோல் மெல்ல மெல்லப் பீய்ச்சினார். பளபளப்பு இல்லாத சாயம். டேஷ்போர்டு மின்னினால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணை மறைக்கும்.

இந்த அக்கறையையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியம்மா சொன்னது: “அந்தக் காருக்குப் பாத்த வைத்தியத்துல பாதி என் முட்டிக்குப் பாத்திருக்கலாம்.”

திரை உடைந்தால் என்ன செய்வோம்?

2030 முதல் சிங்கப்பூரில் பதிவாகும் புதிய கார்கள் அனைத்தும் தூய எரிசக்தியில் ஓடவேண்டும். இப்போதே மின்கார்களில் ஏறினால் டேஷ்போர்டு என்பது பெரும்பாலும் ஒரு திரைதான். அது உடைந்தால் தடவிப் பார்த்து நிரப்ப யாராலும் முடியாது, முழுதாக மாற்றவேண்டும். புதிய கார்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. புகை இல்லாத சாலை எனக்கும் வேண்டும். ஆனால் ஒரு பொருளை வாங்கும்போதே அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துகொண்டே வருகிறது. உடைந்த மின்விசிறியையும் ரொட்டி வாட்டியையும் நாமே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சி 2014ல் இங்கே தொடங்கியது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே, கை எவ்வளவு தூரம் மறந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

குஷன் கடைக்காரருக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் அலுவலக வேலையில். கடையில் உதவிக்கு இருக்கும் மலேசிய இளைஞர் தோல் தைப்பார். டேஷ்போர்டு வேலைக்கு அவருக்குப் பொறுமை இல்லையாம். “மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வருது. அதை வெச்சு எப்படிக் கத்துக்குவான்?” என்றார். வேலை வருவதில்லை, அதனால் ஆள் பழகுவதில்லை. ஆள் கிடைப்பதில்லை, அதனால் வேலையும் வருவதில்லை. கார் வைத்திருப்பவர்கள் மூடி வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் காருக்கும் உதவும்

பழைய கார் இல்லாதவர்களுக்கும் பயன்படும் சில குறிப்புகளை அவரிடம் கேட்டு வாங்கினேன்.

கார்ப்பேட்டையின் திறந்த மேல்தளத்தைத் தவிருங்கள். ஒரு தளம் கீழே இறங்கினால் போதும்.

வெயிலில் நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் முன்கண்ணாடிக்கு மடக்குத் திரை வையுங்கள். கண்ணாடியே புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், சூட்டைத் தடுக்காது. திரையின் வேலை அதுதான்.

கறுப்புத்தாள் ஒட்டுவதென்றால் விதியைப் பாருங்கள். முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும். பின்பக்கம் 25 விழுக்காடு.

எண்ணெய்போல் மினுமினுக்கும் மெருகு வேண்டாம். ஈரத்துணியும் மென்மையான சோப்பும் போதும். இழந்த எண்ணெயை மேலே பூசி உள்ளே அனுப்ப முடியாது.

சாமி படமோ கைப்பேசித் தாங்கியோ ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள். பிடுங்கும்போது உறையும் சேர்ந்து வரலாம். சின்னத் தகட்டில் ஒட்டி, வழுக்காத ரப்பர் விரிப்பின்மேல் வைப்பது நல்லது.

சின்னக் கோடு தெரிந்தவுடன் காட்டுங்கள். அரை அங்குல வெடிப்பு ஒரு மாலை வேலை. அரை அடி வெடிப்பு இரண்டு வாரம்.

காரை எடுக்கப் போன அன்று அண்ணன்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. மாலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, ஒலிபெருக்கியின் மூலையிலிருந்து மெல்லிய ஒரு கோடு தெரியும். கடைக்காரர் அதை மறைக்கவில்லை, அவரே தொட்டுக் காட்டினார். ஒரு தாளில் டேஷ்போர்டைப் படமாக வரைந்து, எங்கெங்கே நுரை மாற்றியிருக்கிறார், எங்கே துளை போட்டிருக்கிறார், சாயத்தில் என்னென்ன எவ்வளவு கலந்தார் என்று குறித்து வைத்திருந்தார். அடுத்து வெடிக்கும்போது வேலை செய்பவர் தானாக இருக்காது, அவருக்கு இது வேண்டும் என்று சொல்லி, தாளைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா அதை வாங்கி, மடிக்காமல், அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் கொஞ்சநேரம் படித்தார். சாய அளவு எழுதியிருந்த இடத்தில் ஓர் எண் புரியவில்லை என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிறகு கார்ப் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் தாளை வைத்து, டேஷ்போர்டின் சின்ன அறையைச் சாத்தினார்.